பாஹா பக்

பாஹா பக் என்பது, பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் வகைச் சிறு தானுந்தை (கார்) மணல்வெளி, சரளைப் பாதை, மேடுபள்ளம் நிறைந்த மண் தடம் போன்ற சாலையற்ற நிலங்களில் ஓட்டுவதற்கு ஏற்றவாறு மாற்றியமைத்துப் பெறப்படும் வாகனம் ஆகும். இது எந்த நிறுவனமும் தன் தொழிற்சாலையில் உற்பத்தி செய்த மாதிரி அன்று. 1960களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில், குறைந்த செலவில் பாலைவன ஓட்டத்தில் ஈடுபட விரும்பியவர்கள் வீட்டுக் கொட்டகைகளிலும் சிறு பட்டறைகளிலும் உருவாக்கிய வடிவம் இது.

பாஹா பக் வாகனத்தில் நான்கு சக்கர இயக்கம் இல்லை. எனினும் எடைக் குறைவு, பின்புற எஞ்சின், காற்றால் குளிர்விக்கும் முறை, எளிதில் கழற்றக்கூடிய உடற்பகுதி ஆகியவற்றால் இது பாலைவன ஓட்டங்களில் வெற்றி பெற்றது. அதே வேளையில், இதில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு நன்மையைத் தந்து வேறொன்றைக் குறைக்கிறது. வெட்டிய உடற்பகுதியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். எனவே எந்தக் காரை மாற்றலாம், எதை மாற்றாமல் விடவேண்டும் என்பது இத்துறையில் முதன்மையான கேள்வியாக உள்ளது.

பெயர்

பாஹா கலிபோர்னியா என்பது மெக்சிக்கோவின் வடமேற்கில் ஏறத்தாழ 1,250 கி.மீ. நீளமுள்ள வறண்ட தீபகற்பம் ஆகும். எசுப்பானிய மொழியில் 'பாஹா' என்பதற்குக் கீழ் அல்லது தாழ்ந்த என்பது பொருள். 'பக்' என்பது பூச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். வண்டு போன்ற தோற்றத்தால் பீட்டில் காருக்கு ஏற்பட்ட செல்லப் பெயர்களுள் ஒன்று. பாஹா தீபகற்பத்தில் நடந்த ஓட்டப் பந்தயங்களை ஒட்டி இவ்விரு சொற்களும் இணைந்து இப்பெயர் தோன்றியது.

அடிப்படைத் தானுந்து

வோக்ஸ்வாகன் பீட்டில், ஃபெர்டினாண்ட் போர்ஷே தலைமையில் 1930களில் செருமனியில் வடிவமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945 டிசம்பர் இறுதியில் இதன் தொடர் உற்பத்தி தொடங்கியது. மெக்சிக்கோவின் புவெப்லா தொழிற்சாலையில் 2003 ஜூலை 30 அன்று கடைசிக் கார் வெளிவந்தபோது மொத்த உற்பத்தி 2,15,29,464 ஆக இருந்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையால் பழைய கார்களும் உதிரிப் பாகங்களும் மலிவாகக் கிடைத்தன. மாற்றியமைக்கும் வழக்கம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சாலையற்ற ஓட்டத்திற்கு உதவும் இதன் இயல்புகள்:

* எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பின்னால் இருப்பதால் வாகன எடையில் ஏறத்தாழ 60% பின் சக்கரங்களின் மீது அமைகிறது. உந்தும் சக்கரங்களும் அவையே என்பதால் மணலில் பிடிமானம் கூடுகிறது.
* எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுகிறது. ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய், பம்பு ஆகியவை இல்லை. கல் பட்டு ரேடியேட்டர் ஓட்டையாவது, தண்ணீர் கொதிப்பது போன்ற கோளாறுகள் எழுவதில்லை.
* அடிப்பகுதி ஏறத்தாழத் தட்டையாக உள்ளது. நடுவில் ஒரு குழல் போன்ற முதுகெலும்பும் இருபுறமும் தகட்டுத் தளமும் கொண்டது. மேடுகளில் சிக்காமல் வழுக்கிச் செல்ல இது உதவுகிறது.
* மேலுடல் இந்த அடித்தட்டுடன் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டுள்ளது. நான்கு மட்கார்டுகளும் தனித்தனியே போல்ட்டுகளால் பொருத்தப்பட்டவை. சாதாரணக் கருவிகளாலேயே இவற்றைக் கழற்ற இயலும்.
* சுருள் வில்லோ பட்டை வில்லோ இன்றி, முறுக்குத் தண்டுகளே (டார்ஷன் பார்) வில்லாகச் செயல்படுகின்றன. அவற்றின் கோணத்தை மாற்றினாலே வாகனத்தின் உயரம் மாறும்.
* சக்கரங்கள் 15 அங்குல விட்டம் கொண்டவை. அக்காலச் சிறு கார்களுடன் ஒப்பிடுகையில் இது பெரியது.

எஞ்சின் கொள்ளளவு தொடக்கத்தில் 1,131 கன செ.மீ. ஆக இருந்தது. 1954 முதல் 1,192, பின்னர் 1,285, 1,493, 1,584 கன செ.மீ. என உயர்ந்தது. வாகனத்தின் எடை ஆண்டுக்கு ஏற்பப் பொதுவாக 730 முதல் 850 கிலோகிராம் வரை இருக்கும்.

வரலாறு

முன்னோடிகள்

பீட்டிலின் அமைப்பு கரடுமுரடான நிலத்திற்கு ஏற்றது என்பது போர்க்காலத்திலேயே தெரிந்திருந்தது. 1940 முதல் 1945 வரை அதே அடிப்படையில் கூபல்வாகன் என்னும் படை வாகனம் ஏறத்தாழ 50,000 எண்ணிக்கையில் உற்பத்தியானது. இதன் எடை ஏறத்தாழ 725 கிலோகிராம். பின் சக்கரங்களின் அருகே துணைக் கியர்கள் பொருத்தி வாகனம் உயர்த்தப்பட்டது. அதே கியர்கள் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டின. நான்கு சக்கர இயக்கம் இல்லாவிட்டாலும், தானே பூட்டிக்கொள்ளும் வகை டிஃபரன்ஷியலால் இவ்வாகனம் சேற்றிலும் மணலிலும் இயங்கியது. பிற்காலத்தில் பாஹா பக் உருவாக்கியவர்கள் கையாண்ட வழிகள் பலவற்றை இதில் காணலாம்.

போருக்குப் பின் கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி பந்தயத்தில் பீட்டில் கார்கள் 1954, 1957, 1962 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்றன. அவை பெரிய மாற்றம் ஏதுமின்றி மண் சாலைகளில் ஓடியவை.

பாஹா ஓட்டங்கள்

கலிபோர்னியாக் கடற்கரையின் மணல்மேடுகளில் ஓட்டுவதற்காக, பீட்டிலின் மேலுடலை நீக்கி அடித்தட்டைக் குட்டையாக்கிய 'டூன் பக்கி' வாகனங்கள் 1950களின் இறுதியிலிருந்து உருவாயின. புரூஸ் மேயர்ஸ் 1964இல் கண்ணாடியிழையால் ஆன மேயர்ஸ் மேங்ஸ் என்னும் டூன் பக்கியை உருவாக்கினார்.

1962இல் இரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் டிஹுவானாவுக்கும் லா பாஸுக்கும் இடையிலான பாஹா தீபகற்பத் தடத்தைக் கடந்தனர். அவர்களுள் விரைவாக வந்தவர் எடுத்துக்கொண்ட நேரம் 39 மணி 56 நிமிடம். 1967 ஏப்ரலில் மேயர்சும் டெட் மேங்கல்சும் மேங்ஸ் வாகனத்தில் அதே தடத்தை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தனர். தீபகற்பத்தின் நெடுஞ்சாலை 1973இல்தான் நிறைவடைந்தது. அக்காலத்தில் தடத்தின் பெரும்பகுதி கல்லும் மணலுமாகவே இருந்தது.

இதைத் தொடர்ந்து 1967 அக்டோபர் இறுதியில் 'மெக்சிக்கன் 1000' என்னும் முதல் முறையான பந்தயம் நடத்தப்பட்டது. விக் வில்சனும் டெட் மேங்கல்சும் மேயர்ஸ் மேங்ஸ் வாகனத்தை 27 மணி 38 நிமிடம் ஓட்டி முதலிடம் பெற்றனர். இப்பந்தயமே பின்னர் பாஹா 1000 எனப் பெயர் பெற்றது.

பாஹா பக்கின் தோற்றம்

மேயர்ஸ் மேங்ஸ் தொகுப்பை வாங்குவோர் அதன் விலையைக் கொடுப்பதோடு அடித்தட்டையும் வெட்டிக் குட்டையாக்க வேண்டியிருந்தது. கூரையோ கதவோ இல்லாததால் அது அன்றாடப் பயன்பாட்டிற்கும் ஏற்றதாக இல்லை. இதற்கு மாற்றாக, பீட்டிலின் கூரை, கதவு, இருக்கை ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு முன்பகுதியையும் பின்பகுதியையும் மட்டும் வெட்டிச் சுருக்கும் முறை தோன்றியது. முதல் பாஹா பக்கை 1968 அளவில் கேரி எமரி உருவாக்கியதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் கண்ணாடியிழையாலான முன், பின் பாகங்கள் தொகுப்பாகவே விற்பனைக்கு வந்தன.

பாஹா 1000 பந்தயத்தில் பீட்டில் கார்களுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. பிரிவு 5 பெருமளவு மாற்றங்களை அனுமதிக்கிறது. பிரிவு 5-1600 என்பது 1,600 கன செ.மீ. எஞ்சினுக்குள் கட்டுப்பட்டது. பிரிவு 11 ஏறத்தாழத் தொழிற்சாலை வடிவிலேயே உள்ள பீட்டில்களுக்கு உரியது. பிரிவு 11 கார்களும் இத்தடத்தை ஓடி முடிக்கின்றன என்பது அடிப்படை வடிவமைப்பின் வலிமையைக் காட்டுகிறது.

மாற்றியமைத்தல்

துரு ஆய்வு

பழைய காரில் முதலில் பார்க்கப்படுவது எஞ்சின் அன்று, அடித்தட்டே ஆகும். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் செல்லும் வெப்பக்காற்றுக் குழல்கள் பயணிகளுக்குச் சூடான காற்றைக் கொண்டுவருவதோடு மேலுடலின் விறைப்பையும் தாங்குகின்றன. இவை துருப்பிடித்தால் மேலுடல் வளைந்து கதவுகள் சரியாக மூடாமல் போகும். மின்கலம் பின்னிருக்கைக்கு அடியில் இருப்பதால், அமிலம் சிந்தி அப்பகுதித் தளம் அரித்துப்போவது வழக்கம். முன் அச்சுப் பொருந்தும் இடமும் ஆய்வுக்கு உரியது. துருவேறிய அடித்தட்டின் மீது உயரமான சஸ்பென்ஷனைப் பொருத்தினால், சாலையில் தாங்கிய தகடு மேடுபள்ளத்தில் கிழியும்.

உடற்பகுதி

பம்பர், கால்படி, மட்கார்டு ஆகியவை கழற்றப்படுகின்றன. முன் பானட்டின் கீழ்ப்பகுதியும் எஞ்சினைச் சுற்றிய பின்புறத் தகடும் வெட்டப்பட்டு, குட்டையான கண்ணாடியிழைப் பாகங்கள் பொருத்தப்படுகின்றன. பம்பருக்கு மாற்றாக இரும்புக் குழாய்ச் சட்டம் முன்னும் பின்னும் அமைகிறது. எஞ்சின் வெளியே தெரிவது பாஹா பக்கின் அடையாளமாகிவிட்டது.

இம்மாற்றங்கள் தோற்றத்திற்காக மட்டும் செய்யப்படுவன அல்ல. முன்பகுதி சுருங்கும்போது சக்கரம் மேட்டைத் தொடும் முன் உடற்பகுதி இடிப்பது தவிர்க்கப்படுகிறது. பின்பகுதி சுருங்கும்போது பள்ளத்திலிருந்து ஏறுகையில் வால் தட்டுவதில்லை. மட்கார்டின் விளிம்பு அகலும்போது பெரிய டயருக்கு இடம் கிடைக்கிறது.

சஸ்பென்ஷன்

பின்புற முறுக்குத் தண்டின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் உள்ளன. உள்முனையை ஒரு பல் திருப்பினால் 9 பாகையும், வெளிமுனையை எதிர்த்திசையில் ஒரு பல் திருப்பினால் ஏறத்தாழ 8 பாகை 10 கலையும் மாறும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் நிகர மாற்றம் ஏறத்தாழ 50 கலை மட்டுமே. இவ்வாறு ஒரு பாகைக்கும் குறைவான அளவில் உயரத்தைச் சீர்செய்ய முடிகிறது. புதிய பாகம் ஏதும் வாங்காமலேயே வாகனத்தை உயர்த்தலாம் என்பதால் இது பரவலான முறை. முறுக்குத் தண்டுடன் இணைந்த தகட்டுக் கையில் போல்ட்டுகளைக் கழற்றிய பின்னும் பெரும் விசை தேங்கியிருக்கும். தாங்கு நிலையிலிருந்து அது திடீரென விடுபட்டால் கடும் காயம் ஏற்படும்.

முன் அச்சு ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள இரு குழல்களைக் கொண்டது. அவற்றின் நடுப்பகுதியை வெட்டித் திருப்பி ஒட்டவைத்தோ சரிசெய்யும் பாகத்தைப் பற்றவைத்தோ உயரம் கூட்டப்படுகிறது. 1965 வரையிலான பழைய முன் அச்சு, அதன்பின் வந்த பந்து மூட்டு வகையைவிடக் கூடுதல் ஏற்ற இறக்கத்திற்கு இடம் தருவதால் விரும்பப்படுகிறது. 1970களில் வந்த 'சூப்பர் பீட்டில்' வகையின் முன் சஸ்பென்ஷன் வேறானது என்பதால், பாஹா பக்கிற்குப் பொதுவாக அது தேர்ந்தெடுக்கப்படுவதில்லை.

பின் அச்சில் இரு வகைகள் உண்டு. 1968 வரை பெரும்பாலான கார்களில் இருந்த ஊசல் அச்சு வகையில் ஒவ்வொரு பக்கமும் கியர்ப்பெட்டியின் அருகே ஒரு மூட்டு மட்டுமே உள்ளது. வாகனத்தை உயர்த்தும்போது அச்சு கீழ்நோக்கிச் சாய, சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்கிறது. வளைவில் விரைவாகத் திரும்பினால் சக்கரம் உள்ளே மடங்கி, பின்பகுதி மேலெழும்பி, வாகனம் கவிழ நேரலாம். அச்சு கீழிறங்கும் அளவைப் பட்டையால் கட்டுப்படுத்துவது இதற்கு ஒரு தீர்வு. அமெரிக்கச் சந்தைக்கான 1969ஆம் ஆண்டு மாதிரி முதல் வந்த, இரு மூட்டுகள் கொண்ட தனித்தியங்கு வகையில் சக்கரத்தின் சாய்வு குறைவாகவே மாறுகிறது.

டயரும் கியரும்

பின்னால் அகலமான பெரிய டயர்களும் முன்னால் குறுகிய டயர்களும் பொருத்துவது வழக்கம். தொழிற்சாலை டயரின் விட்டம் ஏறத்தாழ 65 செ.மீ. பின்னால் 76 செ.மீ. விட்டமுள்ள டயரைப் பொருத்தினால் தரை இடைவெளி 5.5 செ.மீ. கூடும். ஆனால் ஒரு சுற்றுக்குச் செல்லும் தொலைவு ஏறத்தாழ 17% கூடுவதால், இறுதிக் கியர் விகிதம் 4.375 ஆக இருந்தால் அது ஏறத்தாழ 3.74 போலச் செயல்படும். அதாவது இழுவிசை அதே அளவு குறையும். 50 குதிரைத்திறனுக்கும் குறைவான எஞ்சினுக்கு இது பெரிய இழப்பு. மணல் மேட்டில் ஏற வேண்டிய இடத்தில் கிளட்ச் தேயத் தொடங்கும். ஆகவே பெரிய டயருடன் கியர் விகிதத்தையும் மாற்ற வேண்டும். 1967 வரையிலான வோக்ஸ்வாகன் வேன்களின் துணைக் கியர்ப் பெட்டிகளைப் பின் சக்கரங்களில் பொருத்துவது மற்றொரு வழி.

பீட்டிலின் வேகமானி இடது முன் சக்கரத்திலிருந்து இயங்குவது. எனவே முன் டயரின் அளவு மாறினால்தான் அதன் கணக்கு மாறும்.

எஞ்சின்

காற்றால் குளிர்விக்கும் எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் இரப்பர்ப் பட்டைகளும், குளிர்ந்த காற்றையும் எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான காற்றையும் பிரித்து வைப்பவை. பின்பகுதியை வெட்டும்போது இத்தகடுகளையும் சேர்த்து நீக்குவது பரவலான தவறு. அவ்வாறு செய்தால் விசிறி சூடான காற்றையே மீண்டும் இழுக்கும். பழைய எஞ்சின்களில் எண்ணெய்க் குளிர்விப்பான் மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றின் வழியில் இருப்பதால் அச்சிலிண்டர் கூடுதலாகச் சூடாகும். 1971ஆம் ஆண்டு மாதிரி முதல் அது காற்று வழியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது.

எஞ்சினில் ஏறத்தாழ 2.5 லிட்டர் எண்ணெய் மட்டுமே உண்டு. தொழிற்சாலை எஞ்சினில் மாற்றக்கூடிய எண்ணெய் வடிகட்டி இல்லை. கம்பி வலை ஒன்றே உள்ளது. தூசு நிறைந்த ஓட்டத்திற்குத் தனி வடிகட்டியும் கூடுதல் குளிர்விப்பானும் சேர்க்கப்படுகின்றன. காற்று வடிகட்டி, சக்கரம் கிளப்பும் மணல் எட்டாத உயரத்தில் வைக்கப்படுகிறது. பிற்கால எஞ்சின்களில் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. ஆகும். ஏறத்தாழ 5,000 கி.மீ.க்கு ஒருமுறை இதனைச் சரிபார்க்க வேண்டும். கடும் ஓட்டங்களில் இதற்கு முன்பே பார்ப்பர்.

பிரேக்

சாதாரண டிஃபரன்ஷியல் இரு பின் சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையையே தரும். ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து சுழன்றால் மற்றதற்கும் விசை கிடைக்காது. பாஹா பக்கில் ஒவ்வொரு பின் சக்கரத்தின் பிரேக்கையும் தனியே இயக்கும் இரட்டைக் கைப்பிடி பொருத்தப்படுவது உண்டு. வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிடித்தால் விசை மறுபக்கத்திற்குச் செல்லும். திரும்பும் பக்கத்துச் சக்கரத்தைப் பிடித்தால் குறுகிய இடத்தில் திரும்பலாம். உழவு டிராக்டர்களில் இடது, வலது பிரேக்குகள் தனித்தனியே இருப்பதும் இக்கருத்தில்தான்.

பாதுகாப்பு

பெட்ரோல் தொட்டி முன்னால், பயணிகளின் கால்களுக்கு மேலாக அமைந்துள்ளது. முன்பகுதியை வெட்டிச் சுருக்கும்போது தொட்டிக்கு இருந்த காப்பு குறைகிறது. எனவே முன் குழாய்ச் சட்டம் இன்றியமையாதது. பழைய பெட்ரோல் இரப்பர்க் குழாய்கள் வெடித்து எஞ்சின் தீப்பிடிப்பது இவ்வகைக் கார்களில் அறியப்பட்ட ஆபத்து. எஞ்சின் பெட்டகம் மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆனது. அது எரியத் தொடங்கினால் நீரூற்றி அணைக்க முயல்வது தீயைப் பெருக்கும். உருளும்போது கூரையைத் தாங்கும் உட்சட்டம், தோள்பட்டை வார், தீயணைப்பான் ஆகியவை பந்தயக் கார்களில் கட்டாயமாக இடம்பெறுகின்றன.

ஓட்டும் தன்மை

மணலில் டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்தால் அது தரையில் படியும் பரப்பு கூடி, புதைவது குறையும். எடை குறைந்த பாஹா பக்கிற்கு இம்முறை நன்கு பயன்படுகிறது. தார்ச் சாலைக்குத் திரும்பும் முன் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும். அழுத்தம் குறைந்த டயருடன் விரைந்து சென்றால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

ஈரக் களிமண்ணில் நிலைமை வேறு. எடுத்துக்காட்டாக, கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்புப் பகுதியில் இருவகை நிலத்தையும் அருகருகே காணலாம். வெள்ளாற்றுப் படுகை மணற்பாங்கானது. வீராணம் ஏரிப் பாசனத்தில் உள்ள வயல்கள் களிமண் நிறைந்தவை. காய்ந்த மணலில் எளிதாக ஓடும் இவ்வகை வாகனம், மழைக்குப் பின் களிமண் தடத்தில் டயர்ப் பள்ளங்கள் அடைபட்டு வழுக்கும். முன்பகுதி எடை குறைந்தது என்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன் சக்கரங்கள் நேரே சறுக்கிச் செல்லும். நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப், மாருதி ஜிப்சி போன்ற வாகனங்கள் இத்தகைய நிலத்திற்குப் பொருத்தமானவை. பாஹா பக் வறண்ட நிலத்தின் வாகனமாகும். எல்லா நிலங்களுக்கும் உரிய வாகனம் அன்று.

ஈரமான கால்வாய்க் கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் வாகனம் ஓட்டினால் சக்கரத் தடம் பள்ளமாகி, அவ்வழியே நீர் ஓடிக் கரை அரிக்கப்படும். கரைகள் பாசனக் கட்டமைப்பின் பகுதி என்பதால் இது உழவர்களைப் பாதிக்கும்.

இந்தியாவில்

பீட்டில் இந்தியாவில் பெருமளவில் உற்பத்தி செய்யப்படவில்லை. 1950களிலும் 1960களிலும் தனியாரால் இறக்குமதி செய்யப்பட்டவையே பழைய பீட்டில்களாக எஞ்சியுள்ளன. 2009இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'நியூ பீட்டில்' தோற்றத்தில் ஒத்திருந்தாலும், எஞ்சின் முன்னால் அமைந்த முற்றிலும் வேறான கார் ஆகும்.

இந்தியக் கார்களுடன் ஒப்பீடு

இந்தியாவில் பரவலாக இருந்த அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய இரண்டிலும் உடற்பகுதியே வாகனத்தின் பளுவைத் தாங்குகிறது. அவற்றில் முன், பின் பகுதிகளை வெட்டினால் வலிமை குறையும். எஞ்சின் முன்னால் இருந்து பின் சக்கரத்தை உந்துவதால், ஆளோ சுமையோ இல்லாதபோது பின் சக்கரங்களில் எடையும் குறைவு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புரொடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் தனிச் சேசிஸும் அதன்மீது போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட உடற்பகுதிகளும் இருந்தன. பின்புறத்தில் ஊசல் அச்சும் இருந்தது. எனினும் எஞ்சின் முன்னால் உள்ளது, தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. இதனால் பாஹா பக்கின் முறைகளை இக்கார்களுக்கு அப்படியே பின்பற்ற இயலாது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. பொது இடத்தில் ஓட்டப்படும் எந்த மோட்டார் வாகனமும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், வெட்டி உயர்த்திய காரை உரிய ஒப்புதலின்றிச் சாலைக்குக் கொண்டுவர இயலாது.

2021 ஜூலையில் நடுவண் அரசு பழம்பெரும் வாகனங்களுக்கான தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், சேசிஸ், உடற்பகுதி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாததுமான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இத்தகுதி பெறும். பதிவெண்ணில் 'விஏ' என்னும் ஆங்கில எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே இவ்வாகனங்களைச் சாலையில் ஓட்டலாம்.

இதன் விளைவாக, இந்தியாவில் எஞ்சியுள்ள 1960களின் பீட்டில் ஒன்றைப் பாஹா பக்காக மாற்றுபவர் பழம்பெரும் வாகனத் தகுதியை இழக்கிறார். அதே மாற்றத்தால் வழக்கமான பதிவும் சிக்கலுக்கு உள்ளாகிறது. தனியார் நிலத்திலும் அனுமதி பெற்ற மூடிய தடங்களிலும் மட்டுமே அந்த வாகனம் பயன்படும்.

மூல வடிவம் காத்தல்

1960களில் கலிபோர்னியாவில் வெட்டப்பட்டவை பெரும்பாலும் விபத்தில் நசுங்கிய அல்லது துருவேறிய பழைய கார்கள். முன்னும் பின்னும் நசுங்கிய காரைப் பழுதுபார்ப்பதைவிட வெட்டிச் சுருக்குவது மலிவாக இருந்தது. அவ்வகையில் பாஹா பக், கழிக்கப்பட வேண்டிய காருக்கு மறுவாழ்வு தந்தது. பீட்டில் உற்பத்தி முடிந்து, முழுமையான பழைய கார்கள் குறைந்துவரும் நிலையில் இந்தக் கணக்கு மாறியுள்ளது. நல்ல நிலையிலுள்ள மூல மட்கார்டும் பானட்டும் தேடி வாங்கப்படும் பொருள்களாகிவிட்டன.

இதனால் ஆர்வலர்கள் இடையில் ஒரு நடுவழி காணப்படுகிறது. போல்ட்டுகளைக் கழற்றிப் பிறகு மீண்டும் பொருத்தக்கூடிய மாற்றங்களான டயர், முறுக்குத் தண்டுக் கோணம், அடிக்காப்புத் தகடு, வடிகட்டி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது அம்முறை. பிரிவு 11 பந்தயக் கார்கள் காட்டுவதுபோல, உடற்பகுதியை வெட்டாமலேயே பீட்டில் நெடுந்தொலைவு மண் தடத்தில் ஓடக்கூடியது. வெட்டுவதற்குத் துருவேறிய காரையும் காப்பதற்கு முழுமையான காரையும் தேர்ந்தெடுப்பது பொதுவான நடைமுறையாகக் கருதப்படுகிறது.

தொடர்புடைய வாகனங்கள்

* வோக்ஸ்வாகன் வகை 181: 1968 முதல் 1983 வரை தயாரிக்கப்பட்ட திறந்த வாகனம். பீட்டிலின் இயங்கு பாகங்களைக் கொண்டது.
* கன்ட்ரி பக்கி: 1967, 1968 ஆண்டுகளில் ஆத்திரேலியாவில் தயாரிக்கப்பட்டது.
* குர்ஜெல்: பிரேசிலில் 1969இல் தொடங்கப்பட்ட நிறுவனம். வோக்ஸ்வாகன் எஞ்சினுடன், பின் சக்கரங்களைத் தனித்தனியே பிடிக்கும் பிரேக் கைப்பிடி கொண்ட வாகனங்களைத் தயாரித்தது.

இவற்றையும் பார்க்க

* வோக்ஸ்வாகன் பீட்டில்
* கூபல்வாகன்
* டூன் பக்கி
* பாஹா 1000
* ஸ்டாண்டர்டு ஹெரால்டு
* டிஃபரன்ஷியல்

பகுப்புகள்: தானுந்துகள் | தானுந்து விளையாட்டு | வோக்ஸ்வாகன்